ஆறாவது இடம்

ஐரோப்பாவுக்கு டூர் போகிறவர்கள் யாராவது வந்து, "டீச்சர், நீங்க போயிட்டு வந்தவங்களாச்சே, எங்கெங்க போகலாம், சொல்லுங்க" என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் மேல் தப்பில்லை. பெரம்பலூரில் வெளிநாட்டைப் பார்த்த டீச்சர் நான் ஒருத்திதான் என்று அப்போது ஊருக்கே ஒரு நினைப்பு. இரண்டாயிரத்தில் எங்கள் கோயில் பங்கு மக்களோடு இத்தாலிக்குப் பத்து நாள் திருப்பயணம் போய்வந்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே ஐந்து வருஷம் ஓட்டினேன். ஸ்டாஃப் ரூமில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முகம் தெரியாதவரிடம்கூட. அதில்தான் வந்தது வினை.

என் தங்கை கன்னியாஸ்திரி. தொண்ணூற்றாறில் அவளை இத்தாலிக்கு அனுப்பினார்கள். ரோமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். மடத்தோடு சேர்ந்து ஒரு முதியோர் இல்லம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அவர்கள் கண்ணை மூடும்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவள் வேலை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு விடுவார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் வந்துவிட்டுப் போனாள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து எங்கள் அம்மா இறந்தபோது அவளால் வர முடியவில்லை. யார் யார் கையையோ பிடித்தவளுக்குப் பெற்றவள் கையைப் பிடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

அம்மாவின் கடைசி மூன்று நாளும் பக்கத்திலேயே இருந்தது எங்கள் அண்ணன்தான். தங்கை போனில் கேட்டால், "என்னத்தப் பேசுச்சு, ஒண்ணும் பேசல" என்று முடித்துவிடுவார். தங்கை என்னிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதையே சொல்வாள்: "அண்ணன் நேர்ல வந்து ஒக்காந்து சொல்லணும்க்கா. அம்மா என்ன கேட்டுச்சு, என்னைப் பத்தி எதுனா சொல்லுச்சான்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இரண்டாயிரத்து ஐந்தில் அந்த வாய்ப்பு வீடு தேடி வந்தது. அண்ணனுக்கு அரியலூரில் சிமெண்ட் ஏஜென்சி. அந்த வருஷம் அதிகமாக மூட்டை தள்ளிய டீலர்களைக் கம்பெனியே குடும்பத்தோடு ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனது. சேதி தெரிந்த அன்றைக்கே பஸ் பிடித்து அரியலூருக்கு ஓடினேன்.

"பாக்க வேண்டியத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு புள்ள. நாம எங்க கண்டோம்" என்றார் அண்ணன்.

ஒரு முழுப் பக்கம் எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? அசிசியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினேன். மலைமேல் ரோஸ் கலர் கல்லில் கட்டிய ஊர், கீழே கண்ணுக்கு எட்டியவரை ஒலிவ மரம், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்படி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் எழுந்து வரவே மனசு வராது என்றேன். அண்ணியும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்னால், தங்கைக்கு என்று ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் பருப்புப் பொடி, எள்ளுருண்டை, கைக்குட்டையில் சுற்றி அம்மாவின் ஜெபமாலை. ரோமில் ஒரு நாள் அவரவர் இஷ்டத்துக்கு விடுவதாக டூர்க்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதியைத் தங்கைக்குப் போனில் சொன்னேன். மடத்துத் தாயாரிடம் அனுமதி வாங்கிவிட்டாள்.

அந்த நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அண்ணன் வரலக்கா" என்றாள். பிறகு, "காலைலேருந்து எல்லா ரயிலும் பாத்தேன். கறிக்குழம்பு வச்சிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு குறை, ஒரு கோபம், ஒன்றும் இல்லை. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன். அண்ணன் ஊர் திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரும்பி வந்த அன்று போனால், வீடு நிறையத் தெருக்காரர்கள். போட்டோ ஆல்பம் கைமாறிக்கொண்டிருந்தது. அண்ணன் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிறார். அண்ணி பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகில் இருக்கிறாள். "இங்க போவாம மட்டும் வந்துடாதீங்க" என்று அண்ணன் வருகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்கிறார். பன்னிரண்டு நாளில் அவ்வளவு பெரிய ஆள் ஆகிவிட்டார்!

"சின்னவளப் பாத்தீங்களாண்ணே?" என்றேன், தெரிந்துகொண்டே.

"எங்க புள்ள நேரம்? அந்த ஒரு நாளும் அசிசிக்குப் போயிட்டோம். நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு. அந்தப் படியிலகூட உக்காந்தோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "ஒன் பொடிதான் எங்களக் காப்பாத்துச்சு, போ. அந்த ரொட்டியத் தின்னு நாக்கே செத்துப் போச்சு. பஸ்ல எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடுத்தேன். கோயமுத்தூர் டீலரு வூட்டம்மா எப்படி அரைக்கிறதுன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. எள்ளுருண்டை மொத நாளே காலி." பிறகு பீரோவைத் திறந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "அத்தையோட ஜெபமாலை. பத்திரமாக் கொண்டாந்துட்டேன்."

பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டாளாம்! வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

"நீங்கள்லாம் மனுசங்களா? கூடப் பொறந்தவ ஸ்டேஷன்ல கால் கடுக்க நின்னுருக்கா. ஆக்கி வச்ச சோத்த யாருக்குப் போட்டாளோ. அசிசி எங்கண்ணே ஓடிப்போவுது? எத்தனையோ நூறு வருசமா அங்கயேதான இருக்கு!"

தெருக்காரர்கள் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போனார். பாஸ்போர்ட் பையைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"ஒன் கையெழுத்துதான? படி."

மேலே நடுவில் ஒரு சின்னச் சிலுவை. நான் எது எழுதினாலும் போடுவது. ஒன்று, ரோமில் பெரிய கோயில். இரண்டு, பதுவை அந்தோணியார் கோயில். மூன்று, வெனிஸ். நான்கு, பிசா கோபுரம். ஐந்து, அசிசி, அதற்கு அடியில் இரண்டு கோடு. ஆறு: "நேரமிருந்தால், தங்கச்சி மடம்."

"நீ போட்ட வரிசையிலதான் பாத்தேன். அஞ்சு முடிஞ்சுது. ஆறுக்கு நேரமில்ல" என்றார் அண்ணன்.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் முதலில் பாப்பரசருக்காக வேண்டுவோம். பிறகு ஆயருக்கு, பங்குச் சாமியாருக்கு, செத்துப்போய் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாக்களுக்கு. நமக்கு, நம் பிள்ளைகளுக்கு என்று கேட்பது கடைசியில்தான். வீட்டு ஆளுக்காக எதையாவது கேட்டால் 'முடிஞ்சா', 'நேரமிருந்தா' என்று போட்டுத்தான் கேட்போம். அது கட்டாயம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், செய்கிறவருக்கும் தெரியும். அண்ணனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று அன்றைக்கு அவரிடம் கத்தினேன். கத்தும்போதே என் குரல் எனக்கே நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாயிரத்தில் நான் போன திருப்பயணத்தில் எங்கள் பஸ் மடத்துப் பக்கம் போகவே இல்லை. தங்கைதான் ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு அசிசிக்கு வந்தாள். அந்தக் கல்படியில் நானும் அவளும் உட்கார்ந்து, அவள் கட்டி எடுத்து வந்த எலுமிச்சஞ்சாதத்தைச் சாப்பிட்டோம். சாயங்காலம் பஸ்காரன் ஹாரன் அடிக்கும்வரை பேசினோம். அந்த ஊர் எனக்குப் பிடித்ததே அதனால்தான். அரை மணி நேரம் கல்லையும் மரத்தையும் சொன்ன பாவி, அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்ததும், அவளைப் பேசவிடாமல் நானே சொன்னேன். "அண்ணன் மேல தப்பில்ல. நான்தான் லிஸ்ட்ல..."

"தெரியும்க்கா" என்றாள். "அன்னிக்கு சாயங்காலமே அசிசிலேருந்து போன் பண்ணி, லிஸ்ட்டப் படிச்சுக் காட்டுனாரு."

இரண்டு வாரமாக இதைத் தெரிந்துகொண்டுதான் என்னிடம் பேசியிருக்கிறாள். பிறகு, சின்ன வயதில்கூட அவளிடம் நான் கேட்டறியாத ஒரு குரலில் கேட்டாள்.

"நேரமிருந்தான்னு ஏன்க்கா எழுதுன?"