அடுப்படி முகத்துக்கு எத்தனை விளக்கு?

இல்லாத ஆளுக்கு நிஜமான வெளிச்சம் போட்டுக் காட்டுவதுதான் எங்கள் தொழில். கணினியில் முப்பரிமாண உருவம் செய்து, அதற்கு விளக்கு வைத்து, படமாக எடுத்து, கடைசியில் மெருகேற்றிக் கொடுக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் பிரைட்டா" என்று யாராவது ஆரம்பித்தாலே ஓடி ஒளியத் தோன்றுகிற சக பாவிகளுக்காக இதை எழுதுகிறேன்.

சூடத்தின் மேல் சத்தியம்

காரைக்குடியில் ஒரு மாடி அறை, மூன்று பேர். முதலாளி முத்தண்ணன், நான்கு வருடமாக அங்கே இருக்கும் செல்வம், புதிதாகச் சேர்ந்த நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேலை கிடைத்த அன்றே தொடங்கிவிட்டது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். கோவிலூர்ப் பக்கம் பலகாரம் செய்து விற்கும் ஒரு ஆச்சியின் பாக்கெட்டுக்கு, தேன்குழல் பிழியும் பெண் ஒருத்தியின் படம் வேண்டும். அதுதான் எனக்குப் பரீட்சை.

செல்வம் விலை உயர்ந்த ஒரு மென்பொருளைத் திருட்டு வழியில் ஏற்றி வைத்திருந்தான். பொத்தானைத் தட்டினால் முகம் வழுவழுவென்று வந்து நிற்கும். எனக்கு அது வேண்டாம் என்றேன். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பாதி, மனசு ஒப்பாதது பாதி. இன்னொரு காரணமும் உண்டு. அது என்ன செய்கிறது என்று சொல்லாமலே செய்துவிடும். நான் எடுத்துக்கொண்ட இலவச மென்பொருளில் ஒவ்வொரு விளக்கும், ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகத் தெரியும். தப்பு செய்தால் எங்கே செய்தேன் என்று பார்த்துத் திருத்தலாம். செல்வத்துக்கு நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

"ஊரே இப்படித்தான் ஓடிக்கிட்டு இருக்கு. நீ மட்டும் பிள்ளையார்பட்டியில சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டா வந்துருக்க?"

பாடத்தில் சொன்ன மூன்று விளக்கு

இணையத்தில் பாடம் நடத்துகிற எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள். முன்னால் ஒரு பெரிய விளக்கு, நிழலைக் குறைக்கப் பக்கத்தில் ஒன்று, தலைமுடியின் ஓரம் மின்னப் பின்னால் ஒன்று. படித்ததை அப்படியே செய்கிற பிள்ளை நான். அளவு பிசகாமல் வைத்தேன்.

பெண்ணின் நிறம் மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. முன்னால் வைத்த விளக்கு அவள் முகத்தில் அடித்து, மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டது. விளக்கைக் கூட்டக் கூட்ட நெற்றி மட்டும் வெளுத்தது, கண் உள்ளே போனது. முத்தண்ணன் வந்து நின்று பார்த்தார். டீயை ஒரு மடக்குக் குடித்தார்.

"பாக்கெட்டுக்குப் படம் கேட்டா, ரேஷன் கார்டுல ஒட்டுறதுக்கு எடுத்து வச்சிருக்கியேம்மா!"

பதினொரு மணி வெளிச்சம்

வேறு வழியில்லாமல் ஆச்சியின் பலகாரக் கூடத்துக்கே போனேன். பழைய பெரிய வீடு. காலை பதினொரு மணி. முற்றத்தின் மேலிருந்து இறங்கிய வெயில் நேராக யார் மீதும் படவில்லை. முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்த சுவர்களில் பட்டு, அங்கிருந்து திரும்பி, அடுப்பின் முன்னால் நின்று தேன்குழல் பிழிந்துகொண்டிருந்த வேலைக்காரர் பாண்டியம்மாவின் முகத்தில் பக்கவாட்டில் விழுந்தது. கன்னத்து எலும்பில் ஒரு நீளமான ஒளி. மேலுதட்டில் வியர்வை. கறுத்த முகம் அப்படியொரு பளபளப்போடு இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. கறுப்பு முகத்தில் வெளிச்சத்தைக் கொட்டக் கூடாது. அது திருப்பித் தர ஒரு பெரிய வெளிச்சத்தைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மூன்று விளக்கு இல்லை, ஒரு முற்றமும் ஒரு சுவரும். அவசரமாகக் கைப்பேசியில் படம் எடுக்க ஆரம்பித்தேன். கேட்டுவிட்டு எடுக்கத் தோன்றவில்லை. அது என் தப்பு. பாண்டியம்மா சட்டென்று திரும்பினார்.

"ஏ புள்ள, படம் புடிக்கிறதுன்னா சொல்லிட்டுப் புடி. நான் என்ன தேன்குழலா, கேக்காம எடுக்குறதுக்கு?"

சுவரா விற்கப் போகிறது?

மன்னிப்புக் கேட்டு, அவர் சம்மதத்தோடு நாலைந்து படம் எடுத்துக்கொண்டு வந்தேன். பழைய விளக்குகளை அழித்தேன். மேலே வானம் அளவுக்கு ஒரே ஒரு வெளிச்சம், பக்கத்தில் ஒரு வழவழப்பான சுவர். முகம் உயிர் பெற்றது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் முகம் செத்துக் கிடந்தது. ஒரு மணி நேரம் என் தப்பு எங்கே என்று தேடினேன். கடைசியில் பார்த்தால் செல்வம், சுவரில் முகம் தெரிவதை மென்பொருளின் கோளாறு என்று நினைத்து, உதவி செய்வதாக எண்ணிச் சுவரை மங்கலாக்கி வைத்திருக்கிறான்! சுவர் மின்னாவிட்டால் முகத்துக்கு வெளிச்சம் ஏது? சுவரைப் பழையபடி மினுக்கிக் காட்டினேன். முகமும் மின்னியது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"இம்புட்டு மெனக்கெட்டுச் சுவத்தத் தேய்க்கிறியே, சுவரா தேன்குழல் விக்கப் போகுது?"

முதல் 'மாட்டேன்'

படம் ஆச்சிக்குப் போனது. மாலையில் பதில் வந்தது: எல்லாம் நன்றாக இருக்கிறது, பெண்ணை மட்டும் கொஞ்சம் சிவப்பாக்கிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலைதானே என்று செல்வம் தன் மென்பொருளில் போட்டு ஒரு பொத்தானைத் தட்டினான். நிறம் ஏறியது. வியர்வை போனது. கன்னத்து ஒளியும் போனது. கோலமாவுப் பானைக்குள் தலையை விட்டு எடுத்தவள் மாதிரி இருந்தாள்.

"அண்ணே, இத என் பேர்ல அனுப்ப மாட்டேன். அந்த வீட்டுல அடுப்புக்கிட்ட நிக்கிற ஒருத்தரும் இந்த நெறம் இல்ல" என்றேன். மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அப்பாவின் முகம் வேறு ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊர் சாக்கோட்டையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'மக கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா' என்று சொல்லி வைத்திருக்கிறார். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டையும் பிரிண்ட் போட்டு நீயே ஆச்சிகிட்டக் கொண்டு போ. வேணாம்னுட்டாகன்னா, அப்படியே வீட்டுக்குப் போயிரு."

வைரத்தோடு

இரண்டு படங்களையும் ஆச்சியின் மேசை மேல் வைத்தேன். "ஆச்சி, நீங்க சொன்னது இது. நான் செஞ்சது இது. சொன்னத அனுப்ப எனக்கு மனசு வரல" என்றேன். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பைக்குள் என் சாப்பாட்டு டப்பாகூடப் பயந்து ஆடியது போல இருந்தது.

எண்ணெய்த் தட்டோடு அந்தப் பக்கம் வந்த பாண்டியம்மா எட்டிப் பார்த்தார். சிவப்புப் பெண்ணைக் காட்டி, "இது யாரு ஆச்சி, அடுப்ப டீவியிலதான் பாத்துருப்பா போல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலகாரம் விற்கிறவர் ஆயிற்றே, அடுப்பு தெரியாதவள் முகத்தைப் பாக்கெட்டில் போடுவாரா? சிவப்புப் படத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். நான் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

"நெறம் இப்புடியே இருக்கட்டும் ஆத்தா. ஆனா காதுல ஒரு வைரத்தோடு போட்டு விடு. எங்க பேரு போட்ட பாக்கெட்டு, மூளிக் காதோட கடைக்குப் போகக் கூடாது."

அந்தத் தோட்டின் ஏழு கல்லும் தனித்தனியாக மின்ன நாலு நாள் ஆனது. வேலை நிரந்தரமாகிவிட்டது, "இன்னும் கொஞ்சம் பிரைட்டா" என்பதும் நிரந்தரமாகிவிட்டது, என் "மாட்டேன்" என்பதும்தான்.