நெஞ்சுக்குள் போன குழாய்

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பெரம்பலூரில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபத்திரண்டு. அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்து ஊரில் வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் நான் மட்டும் இருந்தேன். சனி, ஞாயிறு யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே கழிந்துவிடும். திங்கட்கிழமை வகுப்பில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும்.

கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தாலே மூச்சு வாங்கும். ரத்தம் குறைவு என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விளையாட்டில் விழுந்த சிறுமி ஒருத்தியைத் தூக்கி அணைத்துக்கொண்டேன். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, என் நெஞ்சில் காதை வைத்தாள்.

“டீச்சர், உங்களுக்குள்ள மில்லு ஓடுது.”

சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டேன். ஆனால் அந்தச் சனிக்கிழமையே அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் இடது தோளுக்குக் கீழே வைத்தவர், எடுக்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“இந்தச் சத்தம் நிக்காம கேக்குதும்மா. மெட்ராஸ் போயிடுங்க. சீமையில படிச்சிட்டு வந்த டாக்டர் ஒருத்தர் இருக்காரு. கடுதாசி தரேன்.”

அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். அரியலூர் ஸ்டேஷனில் ரயிலேறி உட்கார்ந்ததும், “ஊருல யாருக்கும் சொல்ல வேணாம். ஜனவரியில பொண்ணு பாக்க வராங்க” என்றார்.

மெட்ராஸ் டாக்டருக்கு அப்பாவின் வயதிருக்கும். மறைக்காமல் சொன்னார். “உங்க கையில ஒரு நரம்பத் திறந்து, அது வழியா ஒல்லியா ஒரு குழாய் விடுவோம். எக்ஸ்ரே திரையில பாத்துக்கிட்டே இதயம் வரைக்கும் கொண்டுபோவோம். மயக்க மருந்து கிடையாது. நீங்க முழிச்சிக்கிட்டுதான் இருக்கணும். இங்க இது புதுசு.”

“இதுக்கு முன்னாடி யாருக்காவது செஞ்சிருக்கீங்களா?”

“மூணு பேருக்கு.”

அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் காலை அப்பாவை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். அப்பா கையில் ஜெபமாலை இருந்தது. டாக்டர் அரை மணி நேரமாகச் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார். திரையில் வெளிச்சம் ரொம்ப மங்கல், கண் முதலில் இருட்டுக்குப் பழக வேண்டும் என்றாள் நர்ஸ். கதவைச் சாத்தினார்கள். என் கையே எனக்குத் தெரியாத இருட்டு.

முழங்கை மடிப்பில் ஊசி போட்டார்கள். பிறகு ஏதோ இழுப்பதும் தள்ளுவதும்தான் தெரிந்தது, வலி இல்லை. குழாய் சைக்கிள் வால்வு டியூபை விட ஒல்லி. என் மார்புக்கு மேலே திரை. அதன் முகம் அவர்கள் பக்கம். பச்சையாக ஒரு மங்கல் வெளிச்சம் அவர்கள் முகங்களில் விழுந்திருந்தது. நாலு பேரும் எனக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

“தோள் தாண்டியாச்சு. கொஞ்சம் திருப்பு. இப்ப உள்ள.”

நெஞ்சு ஒரு தடவை துள்ளி, நின்று, மறுபடி ஓடியது. கிணற்றுக்குள் விழுகிற மாதிரி இருந்தது. கத்தினேனா என்று ஞாபகமில்லை. நர்ஸின் கை என் நெற்றியில் வந்து உட்கார்ந்தது.

“குழாய் பட்டா அப்படித்தான் துள்ளும். பயப்படாதீங்க” என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவர் குரல் மாறியது. “பாருங்க, பாருங்க. கீழ எறங்குது!”

“நான் பாக்கலாமா சார்?” என்று கேட்டேன். அந்தக் கேள்வி என்னிடமிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை.

சற்று யோசித்துவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். நர்ஸ் அதைத் திரைக்கு மேலே சாய்த்துப் பிடித்தாள். கருநிழலாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கறுப்பு நூல் புகுந்து, வளைந்து, அங்கே நிற்காமல் வயிற்றுப் பக்கம் நேராக இறங்கியிருந்தது.

“அது போகக் கூடாத வழி. பொறக்கறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் இருக்கும், பொறந்ததும் அடைஞ்சிடும். உங்களுக்கு அடையல. அந்த வழியக் கட்டிட்டா சரியாப் போயிடும். ஆனா நெஞ்சத் திறக்கணும். அதுக்கு ஒரு சர்ஜன் வரணும், காத்திருங்க.”

ஜனவரியில் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுக்கும்போது ரவிக்கைக் கையின் கீழே தையல் தழும்பு தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, “என்னம்மா இது?” என்று கேட்டார். கட்டி வந்து அறுத்தது என்று சொல்லச் சொல்லியிருந்தார் அப்பா. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தேன்.

“இதயத்துல ஒரு கோளாறு இருக்குங்க. அதப் பாக்கறதுக்குக் குழாய் விட்டாங்க.”

பலகாரம் தட்டிலேயே இருந்தது. போகும்போது அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் போனார். அப்பா என்னைத் திட்டவில்லை. அந்த வருஷம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

சர்ஜன் வருவதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் நான் மட்டும் போனேன். கையெழுத்தும் நானே போட்டேன். விலாவைத் திறந்து அந்த வழியைக் கட்டினார்கள். பிழைத்தேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு லீவு நாளில் மீன்சுருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வரைக்கும் மைல் கணக்கில் நடந்தேன். எங்கேயும் உட்காரவில்லை. மூச்சு வாங்கவில்லை. கோயில் மதிலோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “மீன்சுருட்டியிலேர்ந்து நடந்தே வரேன்” என்றேன். வேறு யாரிடம் சொல்வது?

“ஏன், பஸ்ஸு வரலியா?” என்றாள் அவள்.