நடக்குதுன்னு மட்டும் சொல்லு

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கத்துச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி புதிதாக ஒட்டியிருந்தது. இந்த வயதில் படிக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து சுவர், பஸ் பலகை, அரிசி மூட்டை எதையும் நான் விடுவதில்லை. அன்றும் சந்தோஷமாகத்தான் தொடங்கினேன். லூ, ர், து என்று கூட்டினேன். மே, ரி என்று கூட்டினேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது யாருடைய பெயர் என்று என் காதில் விழுந்தது. படத்தை அதற்கப்புறம்தான் பார்த்தேன். எங்கள் மதாம்.

அடக்கத்துக்கு வந்த, மதாமிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரகுபதி, "மதாமுக்கு ஒரு நினைவு மலர் போடுறோம். நீங்களும் எழுதித் தாங்கண்ணே" என்றார். "நானா?" என்றேன். "ஊர்ச் சுவரையெல்லாம் படிச்சி முடிச்சிட்டீங்களாம். இனி எழுதித்தானே ஆவணும்?" என்றார். அழுதுகொண்டே சிரித்தோம். மெதுவாக எழுதுகிறேன். மதாமை அறிந்தவர்கள் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

லாஸ்பேட்டையில் மதாம் தலைமையில் இருந்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் நான் அட்டெண்டர். கண்ணாடித் தகடுகளைக் கழுவுவதும், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் சோதனைக் குழாய்களை வாங்கி வைப்பதும் என் வேலை. கழுவிய தகட்டை நீட்டும்போதெல்லாம் மதாம் "மெர்சி, ஏழுமல" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். மூளைக்குள் ஏறி ஆளைக் கொல்லும் ஒரு வகை அமீபா எப்படி நகர்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. வெயிலில் சூடேறிய குளத்துத் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் அது இருக்கும். முங்கிக் குளிப்பவரின் மூக்கு வழியாக உள்ளே போய்விடும்.

ஒருநாள் மதாம் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். அதற்குக் கால் இல்லை, முகம் இல்லை. போக நினைத்த பக்கம் உடம்பே கொஞ்சம் முன்னால் வழிகிறது. மீதி உடம்பு பின்னாலேயே வந்து அதற்குள் சேர்ந்துகொள்கிறது. வெகு நேரம் பார்த்தேன்.

அவை போன வழியையெல்லாம் ரகுபதி பென்சிலால் தாளில் வரைவார். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. வளைந்தும் சுழித்தும் கிடந்த கோடுகளைப் பார்த்து, "என்ன மதாம் எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "எழுத்து இல்ல ஏழுமல. அது சுத்துன வழி" என்றார்.

பிறகு ஆட்டு மூளை வாங்கி வரச் சொன்னார்கள். மார்க்கெட்டில் கறிக்கடைக்காரர், "இன்னாய்யா, அடிக்கடி மூளையே வாங்கற? ஆபீசுல அவ்ளோ தட்டுப்பாடா?" என்று கிண்டல் செய்தார். அந்த மூளையை அரைத்த சாற்றில் ஒரு சொட்டைத் தகட்டின் ஓரத்தில் வைத்தார்கள். அடுத்த தாளை ரகுபதி காட்டினார். எந்தக் கோடும் சுற்றவில்லை. எல்லாம் அந்த ஓரத்தைப் பார்த்தே போயிருந்தன. கண் இல்லாத ஒன்றுக்கு வழி தெரிந்திருந்தது.

மதாம் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் எதற்கும் பெயர் சொல்லக்கூடாது. "நடக்குதுன்னா நடக்குதுன்னு மட்டும் சொல்லு. நீந்துதுன்னா நீந்துதுன்னு சொல்லு. யாருன்னு அப்பறம் கேட்டுக்கலாம்" என்பார். புதிதாக வரும் மாணவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஒரு கோடையில் என் மகள் கஸ்தூரி மூலக்குளத்துப் பக்கம் உறவினர் நிலத்துக்குப் போய், பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு வந்தாள். சில நாளில் காய்ச்சல், மண்டை இடி. குனியச் சொன்னால் கழுத்து வளையவில்லை. அந்த அறிகுறிகளை ஆய்வகத்தில் எத்தனையோ முறை கேட்டவன் நான். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்த நீர் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. வாசலில் அந்தக் குழாயை வாங்கிக்கொண்டவனும் நான்தான். என் மகள் என் கையில் வெதுவெதுப்பாக இருந்தாள்.

ரகுபதி ஒரு சொட்டை வைத்துப் பார்த்தார். பார்த்தவர் வழக்கத்தை மறந்துவிட்டார். "அமீபா, மதாம்! இருக்கு!" என்றார். அப்புறம் நான் நிற்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

நானும் குனிந்து பார்த்தேன். நடந்தது. உடம்பு முன்னால் வழிந்தது, பின்னால் வந்து சேர்ந்தது. அதே நடை. அந்த நோய் என்றால் மெட்ராசிலிருந்து வேறு மருந்து வர வேண்டும். வந்தாலும் பிழைப்பது அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

மதாம் ரகுபதியைத் திட்டவில்லை. "நடக்குதா? சரி. நடக்குதுன்னு மட்டும் சொல்லு" என்றார். கொஞ்சம் நீரை எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் விட்டுக் குழாயை மூடினார். அந்த அமீபாவாக இருந்தால், அந்தத் தண்ணீரில் உடம்புச் சூட்டில் வைத்தபின் ஊர்வதை விட்டுவிடும். பேரிக்காய்போல் ஒடுங்கி, வால் முளைத்து நீந்தும். அதைச் சூட்டுப் பெட்டியில் வைக்கப் போனார், கரண்ட் இல்லை. குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மத்தியான வெயில் சன்னலில் நின்றது. மின்விசிறி ஓடவில்லை. மதாம் அசையாமல் இருந்தார். அவர் கைக்கடியில் அந்த இருட்டுக்குள் ஏதோ ஒன்று வால் முளைத்துக்கொண்டிருக்கிறதா என்று நான் அவர் கவுனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்க பொண்ணு எப்பிடி நடப்பா, ஏழுமல?" என்று திடீரென்று கேட்டார்.

"தொம்மு தொம்முன்னு நடப்பா, மதாம். பாத்திரமெல்லாம் ஆடும்."

"நல்லது" என்றார்.

வெகு நேரத்துக்குப் பிறகு எழுந்து சன்னலோரம் போய், அந்த நீரில் ஒரு சொட்டைத் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அவரே பார்த்தார். தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். வெறும் வெளிச்சம். வட்டமாக, சுத்தமாக.

"ஒண்ணுமே இல்லியே, மதாம்."

"இல்ல. அமீபாவா இருந்தா இந்நேரம் நீந்தியிருக்கும். ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவுக்கு இந்தத் தண்ணி தாங்காது, வெடிச்சிப்போயிடும்."

"அப்ப முன்ன நடந்தது யாரு?"

"உங்க பொண்ணுதான், ஏழுமல. அவ ரத்தத்து அணுங்க. உள்ள பூந்த கிருமியப் புடிக்க நடந்து வந்துருக்கு. அதுங்களுக்கும் இதே நடைதான்."

அது வேறு கிருமி, மருந்துக்குக் கேட்கும் கிருமி என்று மதாம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பினார். அங்கே முன்பே போட ஆரம்பித்திருந்த ஊசியை நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். கஸ்தூரிக்கு இடது காது மந்தமானது. உயிர் இருக்கிறது.

மதாமின் அடக்கத்துக்கு அவளும் வந்திருந்தாள். பெட்டியை மூடுவதற்கு முன் மதாமைக் கடைசியாகப் பார்த்தோம். வெளியே எதுவும் மாறாத முகம். உள்ளே நடந்துகொண்டிருந்த அணுக்கள் எல்லாம் நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். இப்படி நினைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

தகப்பன்மார் தங்கள் பிள்ளை முதலில் நடந்ததை நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கும் அது நினைவிருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. முகமில்லாமல், பெயரில்லாமல், ஒரு சொட்டு நீரில் என் மகள் நடந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எமன் என்று பயந்தேன். அவள்தான் என்று மதாம் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான்.