கருகிய பியூஸ்

அந்தப் பியூசை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய். உள்ளே மயிர்போல ஒரு கம்பி. அது கருகினால் எங்கள் வள்ளத்தில் விளக்கு எரியாது. விளக்கு எரியாவிட்டால் அப்பா கடலுக்குப் போகமாட்டார். அவர் போகாவிட்டால் மறுநாள் வீட்டில் பாணும் சம்பலும்தான். ஏச்சு மட்டும் எனக்கு! அப்போது எனக்குப் பத்து வயது. குருநகரில் எங்கள் வீடு கரையோடு ஒட்டியிருந்தது.

வள்ளத்துப் பற்றரியைத் துடைப்பது என் வேலை. உப்புக் காற்றில் அதன் முனைகள் பச்சையாகப் பூத்துவிடும். கறுப்பு வயரை முதலில் கழற்றவேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டவேண்டும். சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, கிறீஸ் பூசுவேன். ஒருநாளும் வயரை மாறிப் பூட்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

இரவில் கடலில் வேட்டுச் சத்தம் கேட்கிற காலம் அது. விளக்கில்லாத வள்ளத்தைக் கண்டால் கடற்படைக்காரர் கேள்வி கேட்காமல் சுடுவார்கள் என்று கரையில் கதைத்தார்கள். விளக்கை எரியவிட்டுக்கொண்டு போன பக்கத்து வீட்டு வள்ளமும் திரும்பவில்லை. அதன் பிறகுதான் எங்கள் பியூஸ் கருகத் தொடங்கியது.

அப்பா வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தார். மூட்டுகளில் பழைய நாடாவை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினார். எங்கும் பிழையில்லை. புதுப் பியூஸ் போட்டார். அடுத்த நாள் பின்னேரம் பார்த்தால் அதுவும் கறுப்பு.

“உப்புக் கையோடை தொடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கண் என்ன பிடரியிலையோ?”

“நான் இல்லையப்பா!”

“வாய் காட்டாதை!”

அம்மா வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்தார். எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது.

சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். “சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுத்திப் போடுங்கோ அண்ணை, எரியும்.”

“விசரே உனக்கு? வயர் தீப்பத்தாமல் இருக்கத்தான் பியூஸ் கருகிறது. பக்கத்திலை எண்ணெய் இருக்கு. வள்ளத்தோடை எரியச் சொல்லுறியோ?” என்று அப்பா பாய்ந்தார். விளக்கில்லாமலும் போகமாட்டேன் என்றார்.

அந்த ஞாயிறு பூசைக்குப் புறப்படும்போது, தம்பியைத் தூக்கியிருந்த அம்மா தன் செபமாலைப் பையை என்னிடம் தந்துவிட்டு முன்னால் நடந்தார். பைக்குள் என்னவோ கிலுங்கியது. திறந்தேன். கம்பி அறாத நல்ல பியூஸ்கள்! எறிய மனமில்லாமல் அப்பா பால்மா ரின்னில் போட்டு வைத்திருந்த பழைய கருகல்களைத்தான் அம்மா நல்லதைக் கழற்றிவிட்டு மாட்டியிருக்கிறார். நான் ஏச்சு வாங்கும்போது வாயைத் திறக்காமலும் இருந்திருக்கிறார். பெற்ற தாய்!

திரும்பி ஓடிப்போய் அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். “பாருங்கோ! அம்மாதான் மாத்தி வைக்கிறா!”

அப்பா ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி அம்மாவுக்கு நல்ல ஏச்சு என்று நான் காத்திருந்தேன். அவரோ அதைத் திரும்பப் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

“கொண்டுபோய்க் கொம்மாட்டைக் குடு. எனக்குக் காட்டினதெண்டு சொல்லாதை.”

சரி, இனி என்னை ஏசமாட்டார் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் விளக்கு எரியவில்லை. அப்பா கருகிய பியூசைக் கழற்றிச் சித்தப்பாவிடம் காட்டி, என் பக்கம் கையை நீட்டி, “உவளாலை இண்டைக்கும் கடல் இல்லை!” என்று கரை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

இரண்டு பேரும் கள்ளர் என்று முணுமுணுத்துக்கொண்டு, வீட்டில் தந்த பாணைத் தள்ளிவிட்டேன். தம்பிக்காரனான சித்தப்பாவுக்கு முன்னால் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லமுடியாத ஒரு மனிதர்தான் என்னை ஏசினார் என்பது பத்து வயதில் எனக்கு எங்கே விளங்கப்போகிறது? கடலில் சுட்டவர்கள்மேல் வரவேண்டிய கோபமெல்லாம் அப்பாமேல்தான் வந்தது.

அன்றிரவும் வேட்டுச் சத்தம் கேட்டது. அப்பா எனக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தார். நான் அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.