சாமி படம் ஒட்டிய சைக்கிள்

அந்த லாட்ஜ் வாட்ச்மேனுக்கு ஒரு நிமிடம் சும்மா நிற்க வராது. வாசலில் விற்பனைக்கு நிறுத்தியிருந்த தன் சைக்கிளின் மணியை அடித்தார், பெடலைச் சுற்றினார், காக்கித் தொப்பியைக் கழற்றி மாட்டினார். இடது கட்டைவிரல் மட்டும் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஹேண்டிலுக்குக் கீழே, குழாயில் ஒட்டியிருந்த அண்ணாமலையார் ஸ்டிக்கர் அது.

சக்கரம் கோணுகிறதா, அதைத் தாங்கும் ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் நேராகவே இருந்தன.

“எடுத்துக்கறேங்க” என்றேன்.

“யாருக்கும்மா?”

“பொண்ணுக்கு. எட்டாவது படிக்கிறா. ஸ்கூலு பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போவணும்.”

விரல் நின்றது. ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நகத்தால் அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி உரித்தார். அடியில் பெயிண்ட் சுருங்கி வெடித்து, குழாயில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது.

“வேன்ல மோதினதும்மா. ஃபோர்க்கை மாத்திட்டேன், இத மாத்த முடியல. பள்ளத்துல எறங்கினா ஒடைஞ்சிரும். கொழந்தைக்கு வாணாம்.”

“அதுக்கு மேல போயி சாமி படத்த ஒட்டுனீங்களே?”

“சாமி படத்த யாரும் உரிச்சுப் பாக்க மாட்டாங்கம்மா.”

திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது அவர் இருந்தார், சைக்கிள் இல்லை. மறுபடி படம் ஒட்டினாரா, யாருக்கு விற்றார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதெல்லாம் கிரிவலப் பாதையில் சாமி படம் ஒட்டிய சைக்கிள் எதிரே வந்தால், மிதித்து வருவது யார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.