கல்லில் வெட்டிய பத்தொன்பது

பனி கரைந்து நிலம் இளகியதும், பிலோமினாவின் கல்லறைக் கல்லில் இருக்கும் பத்தொன்பதை அழித்துவிடுவதென்று அவருடைய மூத்த மகன் றொக்கோ முடிவெடுத்துவிட்டார். கல்லு வெட்டும் எட்வேட்டுக்கு நாளும் குறித்துச் சொல்லியாயிற்று. அழிக்க விடமாட்டேன் என்று பிலோமினாவின் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணியிருந்தவள் அருள்நாயகி. பண்ணும்போது லேசாகத்தான் இருந்தது. இப்போதோ, அந்தக் குடும்பத்தோடு ஒட்டோ உறவோ இல்லாத தான் எந்த முகத்தோடு போய் வாய் திறப்பது என்று மூன்று நாளாகச் சோறு இறங்காமல் திரிந்தாள்.

அது என்ன பத்தொன்பது என்று முதலில் சொல்லவேண்டும். பிலோமினா 1929இல் தெற்கு இத்தாலியில் பிறந்து, இருபத்தைந்து வயதில் ரொறன்ரோவுக்கு வந்தவர். 1974இல் அவருடைய கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். பிள்ளைகள் நாலு. புதைத்த கையோடு கணவரின் அண்ணன் ஒரு பெரிய கருங்கல் செய்வித்தார். தம்பியின் பெயருக்குப் பக்கத்திலேயே பிலோமினாவின் பெயரும். அது அவர்களிடம் உள்ள வழக்கம்தான். புருசனும் பெண்சாதியும் ஒரே கல்லின் கீழ். ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. பெயருக்குக் கீழே ‘1929 – 19’ என்று வெட்டுவித்து, கடைசி இரண்டு இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார். புருசன் போனபின் ஒரு பெண் அடுத்த நூற்றாண்டு வரைக்கும் இருந்து என்ன செய்யப்போகிறாள் என்ற நினைப்பு!

கல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டு போன அன்று, இனி உனக்கும் இதுதான் இடம், கறுப்புச் சட்டையைக் கழற்றாதே, பிள்ளைகளோடு வந்து என் வீட்டு மேல்மாடியில் இரு என்றாராம். பிலோமினா தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, திங்கட்கிழமையே ஸ்படைனா வீதியில் கோட்டுத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கார் ஓட்டப் பழகினார். மூன்று தரம் பெயிலாகி நாலாந்தரம் லைசன்ஸ் எடுத்தார். நாலு வருசத்தில் வெக்ஸ்போர்ட்டில் செங்கல் வீடொன்று வாங்கிப் பிள்ளைகளோடு குடிபோனார். கறுப்பை மட்டும் அவர் கழற்றவில்லை. ஊரின் வாயை மூட அது போதும் என்பார்.

அந்த வீட்டு பேஸ்மென்றுக்குத்தான் 1987இல் அருள்நாயகி, நாலு வயது மகள் லக்சிகாவோடு வாடகைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துச் சண்டையில் செல்லடியில் புருசனைப் பறிகொடுத்தவள். அப்போது இருபத்தெட்டு வயது. ஸ்காபரோவில் இருந்த சொந்தக்காரர் கெட்டவர்கள் இல்லை. உடுப்புக் கொடுத்தார்கள், வேலை தேடிக் கொடுத்தார்கள். ஆனால் கல்யாணவீடென்றால் அவளைக் குசினிப் பக்கமாகவே இருத்திவிடுவார்கள். அவளும் அதுதான் முறை என்று இருந்தாள்.

ஒருநாள் உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கிய பிலோமினா, உன் சொந்தக்காரப் பெண்களெல்லாம் நெற்றியில் சிவப்பு வைத்திருக்கிறார்கள், உனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டார். அருள்நாயகி தன் அரைகுறை இங்கிலிசில் விளக்கினாள். பிலோமினாவின் இங்கிலிசும் அதே தரம்தான். அதனாலோ என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காமல் போகவில்லை. பெற்ற பிள்ளைகளுக்கே சொல்லாத கல்லுக் கதையை அன்றுதான் பிலோமினா முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவளுடைய வெறும் நெற்றியைக் காட்டிக் கேட்டார்.

“உனக்கும் கல்லு வெட்டிப்போட்டினமோ?”

அருள்நாயகி இதைத் தமிழில் இப்படித்தான் சொல்லுவாள். அடுத்த ஞாயிறே அவள் பொட்டு வைத்தாள். சொந்தபந்தம் மூக்கில் விரலை வைத்தது. வைத்தால் வைக்கட்டும்.

பிறகு வந்தது அந்த நாள். 2000ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் திகதி, இங்கிலிசுப் புதுவருசம் விடிந்து காலை ஒன்பது மணி. அதற்குள் அருள்நாயகி லோறன்ஸ் வீதியில் ஒரு அப்பார்ட்மென்றுக்கு மாறியிருந்தாள். கீழே ஹோர்ண் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் காருக்குப் பக்கத்தில் பிலோமினா நிற்கிறார், இரத்தச் சிவப்பில் கோட்டுப் போட்டுக்கொண்டு. இருபத்தைந்து வருசம் கறுப்பைத் தவிர வேறெதையும் தொடாத மனுசி! தன் கையாலேயே தைத்ததாம். மார்கழி முழுக்கக் கதவைச் சாத்திவைத்துத் தைத்ததாம்.

நேரே சவக்காலைக்கு ஓட்டினார். கல்லில் பனி அப்பிக் கிடந்தது. கையுறையால் துடைத்து, அந்தப் பத்தொன்பதில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“நீ முடிஞ்சுபோனாய். நான் இருக்கிறன்.”

கல்லைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பும் வழியில்தான் அருள்நாயகியின் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டது. நான் போனபிறகு ஆரும் இதை அழிக்க விடக்கூடாது. அன்று தொடங்கி ஒவ்வொரு புதுவருசமும் இரண்டு பேரும் போனார்கள். கடைசித் தடவை சக்கர நாற்காலியில். அதோடு இருபத்தாறு தரம்.

லக்சிகாவின் கல்யாணத்தையும் சொல்லாமல் விட முடியாது. தாரை வார்க்கும் நேரம் தாய்மாமனும் மாமியும் மணவறையில் நிற்பதென்று சொந்தக்காரர் ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். அருள்நாயகி பின்வரிசையில் இருந்தாள். சிவப்புச் சட்டையோடு முன்வரிசையில் இருந்த எண்பத்தொரு வயதுப் பிலோமினா எழும்பி வந்து, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மணவறையில் ஏற்றிவிட்டார். ஐயரே ஒதுங்கி வழிவிட்டார். மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். படத்திலும் அப்படித்தான் நிற்கிறாள். மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தது தாய்தான்.

போன வருசம் மாசி மாதம், தொண்ணூற்றாறு வயதில், கோப்பி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்த பிலோமினா எழும்பவில்லை.

இப்படிப்பட்டவருடைய பத்தொன்பதைத்தான் மகன் அழிக்கப் போகிறார். குறித்த நாளில் அருள்நாயகி சவக்காலைக்குப் போனாள். எட்வேட் நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளைக் கண்டதும் விசயத்தைச் சொன்னான்.

“அன்ரி, கருங்கல்லில வெட்டினதை சும்மா அழிக்கேலாது. கல்லின்ர முகம் முழுக்க அரைச்சு எடுத்துப்போட்டு, புதுசாத்தான் வெட்டவேணும்.”

அம்மாவுக்கு அது ஒரு அவமானம் என்றார் பக்கத்தில் நின்ற றொக்கோ. எந்த மடையன் கைப்பிழையாக வெட்டினானோ, வருசா வருசம் வந்து அதைப் பார்த்து அழுதிருப்பார் பாவம் என்றார்.

அருள்நாயகி வாயைத் திறந்தாள். கைப்பிழை இல்லை, உங்கள் பெரியப்பா கேளாமல் பேசாமல் வெட்டுவித்தது என்றாள். மேல்மாடிக் கதையைச் சொன்னாள். சிவப்புக் கோட்டையும் இரண்டு தட்டையும் சொன்னாள். அம்மா ஒருநாளும் இங்கே அழவில்லை, சிரித்தார், நான் சாட்சி என்றாள்.

றொக்கோவை ஞானஸ்நானத்தில் ஏந்தியவரே அந்தப் பெரியப்பாதான். றொக்கோவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது. கல்லு நட்டபோது பதினாலு. கண்ணைத் துடைத்தார். பிறகு எட்வேட்டிடம் சோக்குக்கட்டி ஒன்று வாங்கி, முழங்காலில் நின்று, பத்தொன்பதுக்குக் குறுக்கே தன் கையாலேயே ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்தில் 2025 என்று எழுதினார். இப்படியே வெட்டு என்றார்.

கோடு எவ்வளவு ஆழம் என்று எட்வேட் கேட்டான். றொக்கோ அருள்நாயகியைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள்.

“ஆழமா வெட்டு, தம்பி. ஆனா பத்தொன்பதும் வாசிக்கத் தெரியவேணும். எதை வெண்டவ எண்டு வாறவைக்குத் தெரியவேணுமெல்லே?”

எட்வேட் சிரித்துக்கொண்டே மெசினைப் போட்டான். வேலை முடிந்து கல்லுத் தூளைக் கழுவியதும், அருள்நாயகி குனிந்து, கோடு விழுந்த பத்தொன்பதில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு றொக்கோவும் தட்டினார்.