ஆற்றுக்கு அங்கால் இருந்த பொம்பிளை

சூ சென் மரி என்பது ஒரு ஊர் இல்லை, இரண்டு ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கனடாவில் ஒன்று, அந்தப் பக்கம் அமெரிக்காவில் ஒன்று. பெயர் மட்டும் ஒன்றேதான். தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில் எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ற் குசினியில் வரைபடத்தை விரித்து இந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தவள் நான். யுனிவர்சிட்டியில் முதலாம் வருடம். எதைக் கண்டுபிடித்தாலும் உடனே யாரையாவது அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும் எனக்கு.

அண்ணாவுக்குக் கலியாணம் பேசிய பெண் எல்லைக்கு அந்தப் பக்கம், மிச்சிகனில் இருந்தாள். அண்ணாவின் அகதி வழக்கு முடியவில்லை. எல்லையைத் தாண்டினால் திரும்பி வர ஏலாது. அவளுக்கும் அதே கதை. படங்களை மாற்றிக்கொண்டோம். அண்ணா இரவல் கோட்டில் ஸ்ரூடியோவில் எடுத்த படத்தை அனுப்பினார். அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"உந்தப் படத்திலை கோட்டுத்தான் வடிவாய் இருக்குது. ஆளை நேரிலை பாக்காமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

அந்தப் பதிலிலேயே அண்ணா விழுந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பில்லாததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"ஆளுக்கொரு கரையிலை நிண்டு பைனாகுலராலை பாருங்கோ," என்றேன்.

"விசரி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "எத்தினை மணித்தியால ஓட்டம்?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கரையோரப் பூங்காவில் ஒரு போன் பூத். எதிர்க்கரையிலும் ஒன்று, அதன் இலக்கத்தை அவள் முன்பே தந்திருந்தாள். அம்மா கைப்பையிலிருந்து கலண்டர் தாளை எடுத்தார். "நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னம் பாத்துப்போடவேணும்."

நான் அந்த இலக்கத்தை அழுத்தினேன். "பச்சைச் சீலை நான்," என்றாள் அவள். "ஊதாக் குடை அம்மா."

அண்ணா பைனாகுலரை உயர்த்தினார். அந்தக் கணம் பார்த்து ஒரு கப்பல் வந்தது. எங்கள் தெரு முழுவதையும் இரும்பில் செய்து தண்ணீரில் விட்டதுபோல ஒரு ஏரிக்கப்பல். வந்ததும் அல்லாமல், கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகுக்குள் போக முறை வரும்வரை ஆற்றின் நடுவில் நின்றும்விட்டது.

"உவங்களுக்கு நிக்கிறதுக்கு வேறை இடமில்லையோ?" என்று அம்மா கப்பலைப் பார்த்துக் கத்தினார்.

கப்பல் நகர்ந்தபோது நாலரை கடந்திருந்தது. அம்மா அண்ணாவின் கையிலிருந்து பைனாகுலரைப் பறித்து ஜக்கெற்றுக்குள் ஒளித்துக்கொண்டார். எதிர்க்கரைக்கு விஷயத்தைச் சொன்னேன். போனில் இப்போது அவளுடைய அம்மா.

"ஆர் சொன்னது ராகுகாலம் எண்டு? இது கோடைகால மணி, பிள்ளை, மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கு. ஒரு மணித்தியாலத்தைக் கழியுங்கோ. இப்பதான் மூண்டரை."

"மணிக்கூடு காட்டுறதுதான் மணி," என்றார் எங்கள் அம்மா.

அண்ணாவின் முகம் அழுகிற மாதிரிப் போய்விட்டது. இவ்வளவு தூரம் ஓடிவந்து, அவளுக்குத் தன்னைக் காட்டாமலே திரும்புவதா? அம்மாவுக்கும் பாவமாகப்பட்டிருக்கவேண்டும். தீர்ப்புச் சொன்னார்.

"அவைக்கு நல்ல நேரமெண்டால் அவை பாக்கட்டும். எங்கடை பக்கத்தாலை பாக்கக்கூடாது. தம்பி, கண்ணை மூடு."

அண்ணா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். கையில் பிளாஸ்க் தேத்தண்ணீர், பிளாஸ்ரிக் கப்பில். நாயோடு நடந்துவந்த வெள்ளைக்காரத் தம்பதி புல்லில் இறங்கிச் சுற்றிப் போனார்கள்.

"அவரை ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோ," என்றாள் அவள், போனைத் தாயிடமிருந்து வாங்கி.

ஒரு முழுச் சுற்றுத் திரும்பினார்.

"நாலடி நடக்கச் சொல்லுங்கோ."

நடந்தார். ஐந்தாவது அடி ஆற்றுக்குள் போயிருக்கும். சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். தேத்தண்ணீர் முழுதும் அவர் காற்சட்டையில்.

"ஏன் உவர் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறார்?"

"ராகுகாலம்," என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மூச்சுவிட முடியாத சிரிப்பு. நான் போனை நீட்டிப் பிடித்தேன். அதைக் கேட்டு அண்ணாவும் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"எனக்கு ஓம் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றாள்.

சொன்னேன்.

"அம்மா, இனியாவது கண்ணைத் திறக்கட்டோ?" என்றார் அண்ணா.

"ஆறு மணி மட்டும் பொறு," என்றார் அம்மா.